நாற்பது வயதில் கம்பெடுக்கலாமா? சிலம்பம் பழக வரும் பெரியவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் நாங்கள் பழகும் சிலம்பக் கூடம் பெரிய இடமில்லை. ஒரு வேப்பமரம், மண் தரை, கம்புகள் சாய்த்துவைக்க ஒரு சுவர், அவ்வளவுதான். காலை ஐந்தரைக்குப் பெரியவர்கள், மாலையில் பிள்ளைகள். நான் 43 வயதில் சேர்ந்தேன், ஒன்பது வருடமாகிறது. புதிதாக வரும் பெரியவர்களோடு முதல் மூன்று மாதம் கூட நிற்கும் வேலையை வாத்தியார் என்னிடம் விட்டிருக்கிறார். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் நேரில் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

எனக்கு 45 வயது. இப்போது ஆரம்பித்தால் வருமா?

வரும். பத்து வயதுப் பிள்ளைக்கு வருகிற மாதிரி வராது, வேறு மாதிரி வரும். பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் செய்துவிடுவார்கள், ஏன் என்று கேட்கமாட்டார்கள். பெரியவர்களுக்கு ஏன் என்று புரிந்தால்தான் கால் நகரும். புரிந்துவிட்டால் நன்றாகவே நிற்கும். எங்கள் காலை வகுப்பில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். 61 வயதில் வந்தார். சுழற்சியில் வேகம் இல்லை. ஆனால் அவர் காலடி வைக்கிற சுத்தத்தைப் பார்க்கச் சொல்லி வாத்தியார் பிள்ளைகளை நிறுத்திவைப்பார்.

கேரளத்தில் வடகரையைச் சேர்ந்த களரி ஆசான் மீனாட்சி அம்மாவுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வாள் பிடித்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சிறுமியாக இருக்கும்போதே களரிக்குள் வந்தவர், அதனால் நமக்குச் சரியான உதாரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தொடர்ந்து பழகுகிற உடம்பு எழுபதில் எப்படி இருக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

முதலில் கொஞ்சம் எடை குறைத்துவிட்டு வரட்டுமா?

வேண்டாம். இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இருக்கிற உடம்போடு வாருங்கள். முதல் மாதம் கேட்பதெல்லாம் நடக்கவும் திரும்பவும் கொஞ்சம் குனியவும் முடிகிற உடம்புதான். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பயிற்சியின் நடுவே இரண்டு வார்த்தை பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று கூடத்துக்கு வந்தாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சி செய்யவேண்டும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி மாற்றி வைக்கிற காலடிப் பயிற்சி அதற்கு நேராகப் பொருந்தும்.

சர்க்கரை இருக்கிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். பழகலாமா?

பெரும்பாலானவர்கள் பழகலாம். ஆனால் உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். ‘சிலம்பம்’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாமல் போகலாம். ‘ஒரு மணி நேரம் வேகமாக நடப்பது, கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வெறுங்காலோடு மண்ணில் நிற்பது’ என்று விளக்கிச் சொல்லுங்கள்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது. அப்படி இருந்தால் வெறுங்கால் வேண்டாம். தட்டையான அடி உள்ள கேன்வாஸ் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நல்ல வாத்தியார் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைக் கீழே இறக்கிவிடக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றோடு விடியற்காலையில் வந்து நிற்பது ஆபத்து. என்ன சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பையில் குளுக்கோஸோ மிட்டாயோ வைத்திருங்கள், பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லிவையுங்கள். பிரஷர் உள்ளவர்கள் கம்பை வீசும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. புதியவர்கள் எல்லாருமே தெரியாமல் இதைச் செய்கிறார்கள். அதனால்தான் எங்கள் வாத்தியார் முதல் வாரம் எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணச் சொல்வார். எண்ணுகிற வாய் மூச்சைப் பிடிக்க முடியாது.

நெஞ்சுவலி வந்தவர்கள், சமீபத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் டாக்டர் சரி என்று சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

நல்ல கூடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை ஒரு கூடத்தில் சேர்ந்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். சேர்வதற்கு முன்பே இரண்டு மூன்று நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடாத இடம் என்றால் அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

நான் முதலில் போனது இந்தக் கூடத்துக்கு அல்ல, வேறொரு இடத்துக்கு. முதல் நாளே கையில் கம்பைக் கொடுத்து, இருபது பேரை வரிசையாக நிறுத்தி, தலைக்கு மேல் சுற்றச் சொன்னார்கள். உற்சாகமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் வலது தோளைத் தூக்க முடியவில்லை. சட்டை போட வீட்டில் ஒருவர் துணை வேண்டியிருந்தது. ஆறு வாரம் அப்படியே போனது. அங்கே யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் காலைப் பார்க்க ஆளில்லை. பிறகு இங்கே வந்தபோது வாத்தியார் என் கையையே பார்க்கவில்லை. ‘நடங்க’ என்றார். நடந்தேன். ‘திரும்புங்க’ என்றார். திரும்பினேன். ‘முட்டி மட்டும் திரும்புது, பாதம் திரும்பல. இதைச் சரி பண்ணாம கம்பு குடுத்தா முட்டி போயிரும்’ என்றார். அன்றைக்கே இங்கே சேர்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் பார்க்கவேண்டியது இதுதான்: புதியவரின் காலை யாராவது கவனிக்கிறார்களா? அப்புறம், கம்பு சுற்றுகிறவர்களுக்கு நடுவே போதுமான இடம் விடுகிறார்களா? அடிபட்டால் என்ன செய்கிறார்கள், முதலுதவிப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கிறதா? பிள்ளைகளைத் திட்டி அடித்துச் சொல்லிக்கொடுக்கிறார்களா? பிள்ளையை அடிக்கிற இடத்தில் பெரியவர்களும் சேரக்கூடாது என்பது என் கருத்து. பெயரைக் கேட்டுவிட்டு ‘எந்த ஊர், யார் வீடு’ என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்கும் கூடம் இன்றைக்கும் உண்டு. எவ்வளவு பெரிய வித்தைக்காரர் நடத்தினாலும் அங்கே போகாதீர்கள். கம்பு எல்லார் கைக்கும் உரியது.

சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. காலை வகுப்பு வருவதற்கு முன்னால் நான் மாலையில்தான் பழகினேன். என் வரிசையில் எனக்கு அடுத்த மூத்தவருக்கு 14 வயது. எனக்குப் பிடி சொல்லிக்கொடுத்தது நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண். ‘அங்கிள், கட்டைவிரலை வெளிய நீட்டாதீங்க. அடி விழுந்தா நகம் போயிரும்’ என்று சொல்லி, என் கட்டைவிரலைத் தன் விரல்களால் மடக்கிக் கம்போடு சேர்த்து வைத்தாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்றும் கம்பை எடுக்கும்போதெல்லாம் அந்தச் சின்ன விரல்கள் என் கைமேல் இருப்பது போலத்தான் இருக்கும்.

கூடத்தில் வயதைவிட முன்னால் சேர்ந்தவர் யார் என்பதுதான் கணக்கு. பிள்ளைகளுக்கு அது இயல்பாகத் தெரியும். அவர்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். நீங்கள் வந்ததில் அவர்களுக்குப் பெருமைதான். பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டியில் சாய்ந்து போன் பார்க்கிற அப்பா அம்மாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: அந்த ஒரு மணி நேரத்தில் நீங்களும் உள்ளே வந்து நிற்கலாம்.

முதல் மூன்று மாதம் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

கூடத்துக்குக் கூடம் பெயரும் வரிசையும் மாறும். தெற்கே கன்னியாகுமரிப் பக்கம் அடிமுறையும் (வெறுங்கைச் சண்டை) வர்மமும் (உடம்பின் நுட்பமான புள்ளிகளைப் பற்றிய வித்தை) கலந்த பயிற்சி, இங்கே வேறு, வட மாவட்டங்களில் வேறு. ஒருவர் ‘காலடி’ என்பதை இன்னொருவர் ‘பாதவரிசை’ என்பார். எங்கள் கூடத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

முதல் வாரம் வணக்கம். தரையைத் தொட்டு, வாத்தியாரை வணங்கி, சுற்றி நிற்பவர்களை வணங்கித் தொடங்குவதைச் சலாம் வரிசை என்பார்கள். பார்க்க மரியாதைச் சடங்கு போலத் தெரியும். ஆனால் அதற்குள்ளேயே குனிதல், உட்கார்ந்து எழுதல், எடை மாற்றுதல் எல்லாம் இருக்கிறது. முழங்கால் பிடிப்பு உள்ளவர்கள் யார், இடுப்பு வளையாதவர்கள் யார் என்பதை வாத்தியார் அதிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்த ஐந்தாறு வாரம் காலடி மட்டும். மண்ணில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருப்போம்: நேர்கோடு, முக்கோணம், சதுரம். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டின் மேல் நடக்கவேண்டும். பாதத்தின் முன்பகுதியை ஊன்றி, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, பாதத்தோடு சேர்த்து இடுப்பைத் திருப்பவேண்டும். பாதம் தரையில் அழுந்தியிருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சிலம்பத்தில் வரும் முட்டிவலி பெரும்பாலும் இதனால்தான். பதினைந்து வயதில் இந்தத் தவறை உடம்பு மன்னித்துவிடும், நம் வயதில் மன்னிக்காது. அதனால்தான் காலடியில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

இந்தக் கட்டத்தில்தான் பலர் நின்றுபோகிறார்கள். ‘கம்பு சுற்ற வந்தேன், கோட்டில் நடக்க விடுகிறார்கள்’ என்று அலுப்பு வரும். மூன்றாவது வாரம் ஒரு மாற்றத்தைக் கவனியுங்கள். படிக்கட்டு இறங்கும்போது பாதம் எங்கே விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது பிரேக் போட்டால் உடம்பு தானாகத் தாழ்ந்து நிற்கும். காலடி உடம்புக்குள் இறங்குகிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பிறகு கம்பு. பிடி, ஒரு பக்கச் சுழற்சி, மறு பக்கம், இரண்டு பக்கமும் மாறிமாறி. சுழற்சி தோளிலிருந்து வரக்கூடாது. மணிக்கட்டு வழிகாட்ட, உடம்பின் திருப்பம் தள்ளவேண்டும். சரியாக வந்தால் காற்றில் ஒரு ‘ம்ம்ம்’ என்ற ஓசை கிளம்பும். பழந்தமிழில் சிலம்புதல் என்றால் ஒலித்தல். அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்லும் வாத்தியார்கள் உண்டு. தோள் வலிக்க வலிக்கச் சுற்றும்போது அந்த ஓசை வராது. தோளைத் தளர்த்திய அன்றைக்கு வந்துவிடும். வெட்டு, குத்து, வாரல், தடுப்பு என்று எதிராளியோடு செய்வதெல்லாம் அதற்கப்புறம்தான்.

பயிற்சிக்குப் பிறகு உடம்பு வலிக்கிறது. தொடரலாமா?

புதிய வேலை செய்த தசை மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வலிப்பது இயல்பு, மூன்று நாளில் தானாகப் போய்விடும். அதற்காக வகுப்பை விடவேண்டாம், மெதுவாகச் செய்யுங்கள். மூட்டுக்குள் குத்துகிற வலி, வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி, முழங்கையின் வெளிப்பக்கம் பிடித்துக்கொள்வது இவையெல்லாம் வேறு கதை. அவற்றோடு பழகாதீர்கள். தசை சீக்கிரம் பலம் பெற்றுவிடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். ‘இப்போது நன்றாக முடிகிறதே’ என்று இரண்டாம் மாதத்தில் வேகத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்கை பிடித்துக்கொள்கிறது.

உள்ளங்கையில் கொப்புளம் எல்லாருக்கும் வரும். உடைக்காதீர்கள்.

அடிபடுமா?

படும், பொய் சொல்லமாட்டேன். முதல் வருடம் அடி பெரும்பாலும் உங்கள் கம்பிலிருந்துதான் வரும்: முழங்கால், கணுக்கால், காதோரம். ஜோடிப் பயிற்சி ஆரம்பித்ததும் விரல்களில் படும். இவை ஆறிவிடும். பயப்படவேண்டியது கண்ணுக்கு. கண்ணாடி போடுகிறவர்கள் உடையும் கண்ணாடியோடு ஜோடிப் பயிற்சிக்கு நிற்காதீர்கள். பாலிகார்பனேட் லென்ஸ் போட்டு, பின்னால் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். தலைக்கவசம் இல்லாமல் தொடுமுறை (எதிராளியைக் கம்பால் தொடும் ஆட்டம்) விளையாடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், எதிரே நிற்பவர் வயதில் சின்னவர் என்றாலும் சரி.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்றிவிடவேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் விட்டு மேலே பின் குத்திக்கொள்கிறார்கள், போதும். மெட்டி மண்ணில் மாட்டி விரலைப் பிசகவைக்கும், அதற்குத் துணியால் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளலாம். மண்ணில் வெறுங்காலோடு நிற்பதால், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கம்பு வாங்குவது?

உடனே வாங்காதீர்கள். முதல் இரண்டு மாதம் கூடத்துக் கம்பு போதும். பிறகு வாத்தியாரோடு போய் வாங்குங்கள்.

வெறுங்காலோடு நிமிர்ந்து நின்றால் கம்பு உங்கள் நெற்றிக்கு வரவேண்டும் என்பது பொதுவான அளவு. மூக்கு வரை போதும் என்கிற வாத்தியார்களும் உண்டு. பிரம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தரையில் அடித்தாலும் சட்டென்று பிளக்காது, கைக்கும் அதிர்வு குறைவு. தொடக்கத்துக்கு நான் பிரம்பைத்தான் சொல்வேன். மூங்கிலில் கெட்டி மூங்கில் பார்த்து எடுக்கவேண்டும். கணு நெருக்கமாக இருக்கவேண்டும். வளைவு இருந்தால் அனலில் காட்டி நிமிர்த்தித் தருவார்கள். பளபளவென்று அலுமினியக் கம்பும் கிடைக்கிறது. மேடையில் மின்னுவதற்குச் சரி, ஜோடிப் பயிற்சிக்கு வேண்டாம்.

வாங்கிய கம்பை வெயிலில் விட்டால் காய்ந்து வெடிக்கும். அவ்வப்போது நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்து நிழலில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் எடுக்கும்போது ஒரு துணியை நுனியிலிருந்து நுனிவரை இழுங்கள். எங்காவது நூல் மாட்டினால் அங்கே சிம்பு கிளம்பியிருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பிடியுங்கள், விரிசலாக இருந்தால் அந்தக் கம்பை ஒதுக்கிவிடுங்கள்.

கட்டணம் எவ்வளவு?

எங்கள் கூடத்தில் மாதம் 500 ரூபாய், முடியாதவர்களுக்கு இல்லை. கிராமங்களில் விஜயதசமி அன்று தட்சணை வைப்பதோடு முடிந்துவிடுகிற இடங்களும் உண்டு. நகரத்தில் இதைப்போலப் பல மடங்கு வாங்குகிறவர்களும் உண்டு. தொகையைவிட, மாதக் கட்டணத்துக்கு மேல் என்னென்ன கேட்பார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீருடை, தேர்வு, சான்றிதழ், போட்டி நுழைவு, ‘உலக சாதனை’ நிகழ்ச்சி என்று வரிசையாக வரும். ஐந்நூறு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் சுற்றி ஆளுக்கொரு பதக்கம் வாங்கும் நிகழ்ச்சிக்குப் பணம் கட்டுவதும் கட்டாததும் உங்கள் விருப்பம். அந்தப் பணத்துக்கு இரண்டு நல்ல கம்பு வாங்கலாம் என்பது என் எண்ணம்.

பெல்ட் உண்டா? சான்றிதழால் அரசு வேலை கிடைக்குமா?

சிலம்பத்தில் பரம்பரையாக பெல்ட் கிடையாது. கருப்பு பெல்ட் முறை ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882-இல் தொடங்கிய ஜூடோவில் பிறந்து, அங்கிருந்து கராத்தேக்குப் போனது. இப்போது சில சிலம்பச் சங்கங்களும் அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது ஊக்கம் தருகிறது, தவறில்லை.

வேலை விஷயம்: தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத வேலை ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேரும் என்று 2021-இல் அறிவித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இதெல்லாம் இளம் வீரர்களுக்குப் பெரிய வாசல், எங்கள் மாலை வகுப்பு நிரம்பி வழிவதற்கும் அதுவே காரணம். ஆனால் அந்த ஒதுக்கீடு அரசு வரையறுத்த போட்டிகளில் ஜெயித்தவர்களுக்கு. ஒரு கூடம் தானாக அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லை.

இந்த வயதில் போட்டிக்குப் போகமுடியுமா?

முதலமைச்சர் கோப்பையில் பள்ளி, கல்லூரி போகப் பொதுப் பிரிவும் இருக்கிறது. 35 வயதுக்குள் இருந்தால் முயலலாம். அதைத் தாண்டியவர்களுக்கு மாவட்டச் சங்கங்கள் சில சமயம் மூத்தோர் பிரிவு வைக்கும். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, மான்கொம்பு, சுருள்வாள் என்று தனித் திறமைப் பிரிவுகளும், எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறையும் உண்டு. முன்பெல்லாம் கம்பு நுனியில் சாயம் தோய்த்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் யார் உடம்பில் எத்தனை பொட்டு என்று எண்ணுவார்கள்.

எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய மேடை மாட்டுப் பொங்கலும் கோவில் திருவிழாவும்தான். தப்பு மேளத்தின் சத்தம் ஏற ஏறக் காலடி தானாக அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். அந்த அரை மணி நேரத்துக்காகவே வருடம் முழுக்கப் பழகலாம்.

கராத்தே, களரி, குத்துச்சண்டை என்று இத்தனை இருக்க ஏன் சிலம்பம்?

அவை எதிலும் குறையில்லை. ஜூடோவில் விழும்போது அடிபடாமல் விழக் கற்றுக்கொடுப்பார்கள். வயதானவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. ஆனால் நல்ல மெத்தையும் பொறுமையான பயிற்சியாளரும் வேண்டும். களரியில் தாழ்ந்த நிலைகள் அதிகம், முழங்கால் பலவீனமானவர்கள் யோசிக்கவேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் நடந்துபோகிற தூரத்தில் எது இருக்கிறதோ, அதில் யார் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாரோ, அதில் சேருங்கள். தூரத்து நல்ல கூடத்துக்கு நாலு மாதத்தில் போவதை நிறுத்திவிடுவோம். என் விஷயத்தில் பக்கத்தில் இருந்தது சிலம்பம். சின்ன வயதில் எம்.ஜி.ஆர். கம்பு சுற்றுவதைத் திரையில் வாய்பிளந்து பார்த்த ஆசையும் உள்ளே இருந்தது.

பெண்கள் பழக வசதியிருக்குமா?

எங்கள் காலை வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். சுடிதார் பேண்ட், டி-சர்ட் போதும். துப்பட்டாவைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளலாம். பிடியைத் திருத்துவதற்குக் கையைத் தொடவேண்டியிருந்தால் ‘தொடலாமா’ என்று கேட்டுவிட்டுத் தொடுகிற வாத்தியாராக இருக்கவேண்டும், அல்லது மூத்த மாணவியை அனுப்பவேண்டும். உடை மாற்ற ஒரு மறைவான இடமும் கழிப்பறையும் இல்லாத கூடத்தில் பெண்கள் நீடிக்க முடியாது. நாங்கள் இதைச் செய்ய மூன்று வருடம் எடுத்துக்கொண்டோம், முதலிலேயே செய்திருக்கவேண்டும். மாதவிடாய் நாட்களில் வருவதும் வராததும் அவரவர் உடம்பைப் பொறுத்தது, வரக்கூடாது என்று எங்கள் கூடத்தில் யாரும் சொல்வதில்லை.

தெருவில் ஒருவன் தாக்க வந்தால் உதவுமா?

கம்போடு யாரும் கடைவீதிக்குப் போவதில்லை. குடையோ, துடைப்பக் கட்டையோ கையில் கிடைத்தால் உதவும். அதைவிட அதிகம் உதவுவது தூரம் பார்க்கும் கண். எதிராளியின் கை எட்டும் தூரத்துக்கு வெளியே நிற்பதைச் சிலம்பம் உடம்பில் ஏற்றிவிடும். அதோடு சட்டென்று நகரும் கால். நகர்ந்து ஓடிவிட முடிந்தால் ஓடிவிடுங்கள். எங்கள் வாத்தியாரும் இதையேதான் சொல்வார்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் காயப்படுத்த அந்த உரிமை இடம் தராது. விழுந்தவனை மறுபடி அடித்தால் வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

கற்றதை நினைவுபடுத்திக்கொள்ளப் பார்க்கலாம். உங்கள் குதிகால் தூக்கவில்லை என்பதை வீடியோ சொல்லாது.

அபார்ட்மெண்டில் இருக்கிறேன். எங்கே பழகுவது?

காலடிக்கு ஆறடிக்கு ஆறடி இடம் போதும், கம்பே வேண்டாம். சாக்பீஸால் முக்கோணம் போட்டுத் தினமும் பத்து நிமிடம் நடங்கள். மணிக்கட்டுக்கு இரண்டடிக் குச்சி ஒன்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சுற்றலாம். முழுக் கம்பை மொட்டைமாடியில் சுற்றுவதாக இருந்தால் துணிக்கொடி, டிஷ் ஆண்டெனா, தாழ்ந்து போகும் மின்கம்பி பார்த்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் தரையில் நெடுநேரம் வெறுங்காலோடு குதிக்காதீர்கள்.

நடுவில் இரண்டு மாதம் விட்டுப்போனது. திரும்ப வர வெட்கமாக இருக்கிறது.

வந்துவிடுங்கள். அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, பிள்ளைக்குப் பரீட்சை, ஆபீஸில் ஆடிட் என்று விட்டுப்போகாத பெரியவர் யாருமில்லை. நானே அம்மா படுத்திருந்தபோது ஏழு மாதம் வரவில்லை. திரும்பி வந்த அன்று வாத்தியார் எதுவும் கேட்கவில்லை. சுண்ணாம்பு டப்பாவை என் கையில் கொடுத்து ‘கோடு போடுங்க’ என்றார்.

திரும்பி வருகிறவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், இரண்டு வாரம் காலடியிலிருந்து வரட்டும்.

முதல் நாள் என்ன கொண்டுவரவேண்டும்?

தண்ணீர் பாட்டில், வியர்வை துடைக்கத் துண்டு, குனிந்தால் இறுக்காத பேண்ட். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்; சர்க்கரைக்கு மருந்து எடுக்கிறவர்கள் மட்டும் டாக்டர் சொன்னபடி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் கொடுங்கள். வேப்பமரத்துக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே இருப்பவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் ‘புதுசா வந்திருக்கேன்’ என்று சொல்லுங்கள். மாலையில் வந்தால் அநேகமாக அது ஏதாவது ஒரு பிள்ளையாக இருக்கும். உங்களை அழைத்துக்கொண்டு போய்ச் சுண்ணாம்புக் கோட்டில் நிறுத்திவிடும்.